கேட்டில் காட்டுகிற பெட்டி

அக்கா, அந்த மருந்துப் பெட்டியை மூடிருங்க. அடுத்த வளைவுல எல்லாம் கொட்டிரும். இந்த டிரைவர் அண்ணனுக்கு பிரேக்கைத் தொட்டா கௌரவக் குறைச்சல்.

நான் ஒன்னும் எட்டிப் பாக்கல. சரி, பாத்தேன். மடியில கடை விரிச்ச மாதிரி பரப்பி வச்சுக்கிட்டு, பேப்பரைப் பாத்துப் பாத்து ஒவ்வொன்னா டிக் அடிக்கிறீங்க. பக்கத்து சீட்டுக்காரி கண்ணைக் கொண்டுபோய் எங்க வைப்பா? வெளிய பாத்தா எனக்கு வாந்தி வரும். மலையில பொறந்தவளுக்கு வளைவுல வாந்தியான்னு எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

நரிக்கல் மொட்டை மலைக்கா? நாளைக்குக் காலையிலயா? அப்ப தவமணி அண்ணன் குரூப்பு தான். அங்க ஆள் கூட்டிட்டுப் போறது அவரு ஒருத்தரு தான். நான் சுகப்பிரியா, அந்தக் குரூப்புக்குப் பை தூக்குறவ. உங்களுக்கு வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பியிருப்பாரே, கீழ 'அனுபவமுள்ள உதவியாளர்கள்'னு போட்டு? அந்த உதவியாளர்கள் நான் தான். நான் ஒருத்தி தான்.

பதினேழு வயசு. இல்லக்கா, படிக்கல. பதினொன்னாவது பாதியில விட்டுட்டேன். ஏன்னு கேக்காதீங்க, அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. வேதியியல் புரியல. புரியாததை உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க எனக்குப் பொறுமை இல்ல. இதுல பெரிய கதை எல்லாம் கிடையாது. அப்பா அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க, நான் இங்க அத்தை வீட்டுல இருக்கேன். அப்பா கூடப் பொறந்த அத்தை. அவ்வளவுதான்.

குடுங்க, நான் பாக்குறேன். தப்பா நினைக்காதீங்க, நான் நினைச்சதைச் சொல்லிருவேன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. இன்னிக்கு அதுக்குத் தெம்பும் இல்ல. மூணு நாளா ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கிடந்துட்டு வர்றேன். தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு.

ஒட்டுற பிளாஸ்திரி நாப்பது. எதுக்கு நாப்பது? வேர்வையில ஒன்னும் ஒட்டாது. குதிகால்ல கொப்புளம் வர்றதுக்கு ஒரு எட்டு வைங்க. அது எழும்புறதுக்கு முன்னாடியே, லேசா எரிச்சல் தெரியும்போதே ஒட்டிரணும். கொப்புளம் உடைஞ்ச பிறகு ஒட்டிப் பிரயோசனம் இல்ல. மீதி இடத்துல அகலமான கட்டுத்துணி இன்னும் ரெண்டு உருண்டை போட்டுக்கங்க. பஞ்சு வேண்டாம். காயத்துல ஒட்டிக்கிட்டா வராது. நர்ஸம்மா இடுக்கி வச்சு நார் நாராப் புடுங்குனதை நான் கண்ணால பாத்தேன். பஞ்சுக்குப் பதிலா இந்த வலைத்துணி இருக்கு பாருங்க, பாக்கெட்டு பாக்கெட்டா, இது தான் நல்லது.

இது என்ன, பாம்புக்கடி கிட்டா? பிளேடு, கயிறு, உறிஞ்சுற பம்பு. இதைத் தூக்கி வெளிய போடுங்க. பஸ்ஸுல இருந்து இல்ல, வீட்டுக்குப் போய். கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவங்களை நடக்க விடாம, காலை ஆட்ட விடாம, தூக்கிட்டுக் கீழ ஓடணும். அவ்வளவுதான் வைத்தியம். வன அதிகாரிங்க ஒரு தடவை பள்ளிக்கூடத்துல வகுப்பெடுத்தப்ப கேட்டது. அது வேதியியல் இல்லையே, அதனால மண்டையில நின்னுச்சு.

உப்பு சக்கரைப் பொடி பாக்கெட்டு ரெண்டு தான் இருக்கு. ஆறு வைங்க. கத்தரி இருக்கு, சரி. விசில் இருக்கு, சரி. உங்களுக்கு மாத்திரை ஏதாவது தினமும் உண்டா? பிரஷரா? ஏன்க்கா இந்த வயசுல? சரி சரி. அதை இந்தப் பெட்டியில வைக்காதீங்க, உடம்போட ஒட்டுன பையில வைங்க, ஒரு சீட்டுல பேரு எழுதி. பெட்டியைத் தூக்கிட்டு வர்றவ எப்பவும் உங்களுக்கு ஒரு மைல் பின்னாடி தான் வருவா. நான் தான் அது.

இந்தப் பழுப்பு பாட்டில்... இதை நீங்க எங்க வாங்குனீங்க? சீல் இருக்கா? தேதி இருக்கா? கொஞ்சம் மோந்து பாத்துக்கிறேன்.

சும்மா தான். பழக்கம்.

இல்ல, நான் அழல. டிஞ்சர் வாசம் கண்ணுல ஏறுது, அவ்வளவுதான். மருந்துன்னா இப்படித்தான் வாசம் வரணும். வச்சுக்கங்க. நல்ல மருந்து.

சொல்றேன். சொன்னா என்ன? நாளைக்கு நீங்களே பாக்கத்தான போறீங்க.

எங்க மலைக்கு ஏறுற இடத்துல ஒரு கேட்டு இருக்கு. ஒவ்வொரு குரூப்பும் அங்க ஒரு முதலுதவிப் பெட்டியைக் காட்டணும். பதினெட்டு சாமான் இருக்கணும்னு சுவத்துல பட்டியல் ஒட்டியிருக்கு. பதினெட்டும் இருந்தா கேட்டு தொறக்கும், பதினேழு இருந்தா தொறக்காது. எங்க பெட்டி வெள்ளைத் தகரப் பெட்டி. தவமணி அண்ணன் இந்தத் தொழில் ஆரம்பிச்ச வருசம் வாங்குனது. அன்னையிலிருந்து அதே பெட்டி தான், அதே சாமான் தான். ஏன்னா அதுல இருந்து யாரும் எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தா குறையும். குறைஞ்சா அடுத்த சனிக்கிழமை கேட்டுல நிறுத்திருவாங்க. புரியுதா? அது காயத்துக்கு இருக்கிற பெட்டி இல்ல. கேட்டுக்கு இருக்கிற பெட்டி.

கேட்டுல நிக்கிற பாரஸ்ட் கார்டு சாரு பேனாவை வச்சு ஒவ்வொன்னாத் தட்டித் தட்டி எண்ணுவாரு. 'பஞ்சு, கட்டு, கத்தரி, களிம்பு, பழுப்பு பாட்டில்...' பதினெட்டு வந்ததும் மூடிருவாரு. அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கு எண்ணத்தான் சொல்லியிருக்காங்க, எண்ணுறாரு.

வழியில யாருக்காவது கையில கீறிக்கிட்டா தவமணி அண்ணன் ஒரு தழையைக் கசக்கி வச்சு விடுவாரு. 'இயற்கை வைத்தியம் சார்'னு சொல்லுவாரு. வெளியூர்க்காரங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும். படம் எடுத்துக்குவாங்க. பெட்டி அந்தாண்ட என் முதுகுல சும்மா தொங்கும். ஆறு கிலோ. ஏன் தூக்கணும்னு நான் கேட்டிருக்கேன். 'கேட்டுல காட்டிட்டு அங்கேயே ஒரு புதருக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு வந்துரவா'ன்னு கேட்டேன். 'லூசாடி நீ, காணாமப் போச்சுன்னா?'ன்னாரு. காயம் பட்டா என்ன பண்றதுன்னு அவரு கேக்கல. காணாமப் போனா என்ன பண்றதுன்னு தான் கேட்டாரு. நல்லாக் கவனிச்சுக்கங்க.

நாலு மாசம் முன்னாடி அந்தப் பழுப்பு பாட்டில் காலியாயிருச்சு. யாரும் ஊத்தல. மூடி சரியில்ல, காத்துல போயிருச்சு. அடியில கறை மட்டும் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் துடைக்கிறப்ப தான் பாத்தேன். தவமணி அண்ணனுக்குப் போன் பண்ணேன்.

'அண்ணே, பாட்டில் காலி.'

'காலின்னா?'

'காலின்னா காலி. வெளிச்சத்துல காட்டுனா அந்தப் பக்கம் தெரியுது.'

'ஏ சுகா, விடிஞ்சா ஒம்போது பேரு வர்றாங்க. எதையாச்சும் பண்ணு, பாட்டில் காலியா இருக்கக் கூடாது.'

எதையாச்சும் பண்ணுன்னாரு. இதைக் கவனிச்சுக்கங்கக்கா. அவரு சொன்னது அது தான். மருந்துக்கடை இருக்கிறது இருபத்தெட்டு வளைவு தாண்டிக் கீழ. சாயங்கால பஸ் போயிருச்சு. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?

எங்க அத்தை, சடையம்மான்னு பேரு, கேட்டுக்குப் பக்கத்துல டீக்கடை வச்சிருக்கு. சனி ஞாயிறு குரூப்போட மலைக்கு ஏறிச் சமைக்கவும் வரும். அடுப்புல கருப்பட்டிக் காப்பி கொதிச்சு இறக்கி வச்சிருந்துச்சு. பால் இல்லாத கடுங்காப்பி. நிறம் அச்சு அசல். ஆற வச்சு, துணியில வடிகட்டி, ஊத்தி மூடிட்டேன். பாட்டில் காலியா இருக்கக் கூடாது. இப்ப காலியா இல்ல. முடிஞ்சது.

அத்தை வந்து சட்டியைப் பாத்துட்டு, 'ஏண்டி, காப்பி குறையுது?'ன்னு கேட்டுச்சு.

'குடிச்சேன்.'

'நீ எப்படி காப்பி குடிச்ச? வாசமே ஆகாதுன்னு ஓடுவ?'

'இன்னிக்கு ஆசையா இருந்துச்சு. இப்ப என்னங்கிற?'

பெட்டி திண்டு மேல தொறந்து கிடந்துச்சு, அத்தை அதைப் பாத்துச்சு, போய் அடுத்த சட்டி வச்சுச்சு. அதுக்கு அதெல்லாம் தெரியாது. படிக்கத் தெரியாத பொம்பளை, பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு அதுக்கு என்ன தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லல. தவமணி அண்ணன்கிட்டயும் சொல்லல. அவரு கேக்கல. மறுநாள் கேட்டுல கார்டு சாரு பேனாவால அந்த பாட்டிலைத் தட்டுனப்ப எனக்கு வயித்துக்குள்ள சிரிப்பு. அதுக்கப்புறம் மறந்தே போயிட்டேன். நிஜமாவே மறந்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு நினைப்பு வந்துச்சு, டவுனுக்குப் போறப்ப வாங்கணும்னு. டவுனுக்கு ரெண்டு தடவை போனேன். வாங்கல. யாரும் தொறக்காத பாட்டில்ல என்ன இருந்தா என்ன?

போன சனிக்கிழமை ஏழு பேரு வந்தாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி. அதுல கிருபாகரன்னு ஒரு சாரு, ஏறும்போதே சொல்லிக்கிட்டு வந்தாரு, அவரு முதலுதவி கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வச்சிருக்காருன்னு. நல்ல மனுசன் தான். யாருக்குக் கால் சுளுக்குனாலும் முதல்ல போய் நின்னாரு. யாருக்கும் ஒன்னும் ஆகலைன்னு தான் அவருக்கு வருத்தம் மாதிரி இருந்துச்சு.

மத்தியானம் கூடாரம் போடுற இடத்துக்குப் போயிட்டோம். அத்தை முதல்ல குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வச்சு, ரெண்டு கேன்ல ஊத்தி ஆற வச்சுச்சு. அப்புறம் சோத்துக்கு விறகு பத்தல. முந்தின நாள் மழை, விறகெல்லாம் ஈரம். அருவாளால ஒரு கட்டையை வெட்டிக்கிட்டு இருந்துச்சு. அருவா ஈரத்துல வழுக்கி, வந்த வேகத்துல முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல இறங்கிருச்சு.

கத்தல. 'ஏ புள்ள, இங்க வா'ன்னு மட்டும் சொல்லுச்சு. நான் என்னமோ உப்பு கேக்குதுன்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா சேலை முட்டி வரைக்கும் நனைஞ்சு கிடக்கு.

என் துப்பட்டாவைச் சுருட்டி அழுத்திப் புடிச்சேன். அது சரி தான். டாக்டரே அப்புறம் சொன்னாங்க, அழுத்துனது நல்லதுன்னு. பத்து நிமிசம் ரெண்டு கையாலயும் விடாம அழுத்துனேன். ரத்தம் நின்னுச்சு. அதுவரைக்கும் எல்லாம் சரி. அதோட விட்டிருக்கலாம். பக்கத்துல ரெண்டு கேன் நிறைய கொதிக்க வச்சு ஆறுன தண்ணி, அத்தை கையால கொதிக்க வச்சது. அதை ஊத்திக் கழுவிட்டு, சுத்தமான துணியைச் சுத்திக் கீழ தூக்கிட்டு வந்திருந்தா... அக்கா, உங்க பேப்பர்ல எழுதிக்கங்க. சுத்தமான தண்ணி. முதல்ல அது. அதுக்கு எந்தப் பட்டியல்லயும் இடம் கிடையாது.

ஆனா கிருபாகரன் சாரு வந்துட்டாரு. 'பயப்படாதீங்கம்மா, நான் கோர்ஸ் பண்ணியிருக்கேன். பெட்டி எங்க?'

தவமணி அண்ணன் என்னைப் பாத்தாரு. ஏழு பேரும் சுத்தி நிக்கிறாங்க. அவங்களுக்கு முன்னாடி, இத்தனை வருசத்துல முதல் தடவையா, 'சுகா, பெட்டியைக் கொண்டா'ன்னாரு.

கொண்டு போனேன்.

களிம்பு டியூப்பு கல்லு மாதிரி இருந்துச்சு. கத்தரி தொறக்கல, துருப்புடிச்சு ரெண்டும் ஒன்னாயிருச்சு. உப்பு சக்கரைப் பொடி செங்கல்லு. சாரு ஒவ்வொன்னா எடுத்து எடுத்துக் கீழ வச்சாரு. கடைசியில அந்த பாட்டிலைத் தூக்கி, 'இது போதும், கிருமி நாசினி இருக்கு'ன்னு சொல்லி மூடியைத் திருகுனாரு.

சொல்லியிருக்கலாம். ஆமா, தெரியும். நீங்க அப்படிப் பாக்காதீங்க. வாயைத் தொறந்தேன். தொறந்தா ஏழு பேரும் என்னைப் பாக்குறாங்க, தவமணி அண்ணன் பாக்குறாரு, அத்தையும் என் மூஞ்சியவே பாக்குது. ரெண்டு செகண்டு தான் இருக்கும். ஊத்திட்டாரு. ஒரு பொட்டு விடாம ஊத்துனாரு. கோர்ஸ்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்களாம், தாராளமா ஊத்தணும்னு. புளிச்ச வாசம் வந்துச்சு. 'பழைய அயோடின் இப்படித்தான் வாசம் வரும்'னாரு.

'எரியுதாம்மா?'ன்னு கேட்டாரு.

'எரியுதுங்க சார்'னு அத்தை சொல்லுச்சு. 'நல்லா எரியுது.'

'எரிஞ்சா நல்லது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.'

காப்பி எங்கக்கா எரியும்? பயத்துல சொல்லியிருக்கும். வலியில எது எரியுது எது வலிக்குதுன்னு தெரியாதுல்ல. அதுக்கு மேல பெட்டியில இருந்த அந்தப் பஞ்சை வச்சுக் கட்டுனாரு. கருப்பட்டி இனிப்பு, இறக்கிட்டு வர்ற வழியெல்லாம் கட்டுல எறும்பு. நான் கூடவே நடந்து தட்டிவிட்டுக்கிட்டே வந்தேன். போர்வையில கம்பு மாட்டி நாலு பேரு தூக்குனாங்க. அந்தக் கம்ப்யூட்டர் பசங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், தோள் பட்டை தேஞ்சு போய்த் தூக்குனாங்க.

இருட்டுறதுக்கு முன்னாடி எங்க ஊரு நர்ஸம்மாகிட்ட கொண்டுவந்துட்டோம். நர்ஸம்மா, 'என்ன போட்டீங்க?'ன்னு கேட்டாங்க. தவமணி அண்ணன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, 'முறையா முதலுதவிப் பெட்டி மருந்து போட்டுத்தான்ம்மா கொண்டுவந்தோம். கோர்ஸ் படிச்சவரு போட்டது'ன்னாரு. பரவால்லயேன்னாங்க. தழை கிழை வச்சிருந்தா இன்னும் ஆழமாக் கழுவணும்னு சொன்னாங்க. மருந்து போட்டதுனால மேல கழுவி, பஞ்சைப் புடுங்கி, ஊசி போட்டு, தைச்சு விட்டாங்க.

அப்பவும் நான் அங்க தான் நின்னேன். டார்ச் லைட்டைப் புடிச்சுக்கிட்டு.

செவ்வாக்கிழமை கால் பூசணிக்காய். புதன்கிழமை காய்ச்சல்ல அனத்துது. டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். தையலைப் பிரிச்சா உள்ள முழுக்கச் சீழ். தவமணி அண்ணன் சேத்துவிட்டுட்டு மலைக்குப் போயிட்டாரு, நாளைக்கு நீங்க எல்லாம் வர்றீங்கள்ல. நான் தான் கூட இருக்கேன்.

டாக்டர் ஒரு அம்மா. என்னை மாதிரியே தூங்காத கண்ணு. நேத்து சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு தெளிவாக் கேட்டாங்க. 'இங்க பாருங்க, காயத்துல என்ன பட்டுச்சு? மண்ணா, சாணியா, தழையா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். போடுற மருந்துக்குக் காயம் கேக்க மாட்டேங்குது. என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சா எதைத் தேடணும்னு லேபுக்குச் சொல்லுவேன், மருந்தை மாத்துவேன். இப்படியே சீழ் மேல ஏறிக்கிட்டுப் போச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். சனிக்கிழமை காலையில முடிவு பண்ணணும்.'

சனிக்கிழமைன்னா நாளைக்கு.

நான் சொல்லத்தான் இருந்தேன். சத்தியமா. 'டாக்டர்'னு ஆரம்பிச்சுட்டேன். அதுக்குள்ள அத்தை தலையணையில இருந்து தலையைத் தூக்கி, 'மஞ்சத்தண்ணி டாக்டரம்மா. நானே தான் ஊத்திக்கிட்டேன். இந்தப் புள்ள கூட இல்ல, தண்ணி எடுக்கப் போயிருந்துச்சு'ன்னு சொல்லுது!

டாக்டருக்குக் கோவம் வந்துருச்சு. திட்ட மாட்டேன்னவங்க நல்லாத் திட்டுனாங்க. 'இன்னும் எத்தனை வருசத்துக்குமா இந்த மஞ்சளு?'ன்னு. அத்தை தலையைத் தலையை ஆட்டுச்சு. எழுதிக்கிட்டாங்க. மஞ்சத்தண்ணி.

இத்தனைக்கும் அத்தை பொய் சொல்லாதுக்கா. கடையில நேத்துப் பாலுன்னா, 'நேத்துப் பாலு, வேணுமா வேணாமா'ன்னு கேட்டுத்தான் ஊத்தும். அதனாலயே பாதிப் பேரு எதுத்த கடைக்குப் போயிட்டான். அது போய் மஞ்சத்தண்ணிங்குது. காய்ச்சல்ல உளறுது போல. நான் அங்கேயே தான இருந்தேன், தண்ணி எடுக்கப் போனேனாம். அதுவே அப்படிச் சொன்னப்புறம் நான் என்னத்தைச் சொல்றது? பெரியவங்க சொன்னதை நான் இல்லைங்கிறதா? ஊத்துனது கிருபாகரன் சாரு. பாட்டில் காலியா இருக்கக் கூடாதுன்னது தவமணி அண்ணன். பதினெட்டு வேணும்னது கேட்டு. எல்லாத்துக்கும் நான் மட்டும் தான் கிடைச்சேனா?

இன்னிக்குக் காலையில நர்ஸு வார்டுக்கு எல்லாம் காப்பி குடுத்தாங்க. அத்தை வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இருபது வருசமா காப்பி ஆத்துற கை. மாத்திரையில வாய் கசக்குது போல. அப்புறம் என்கிட்ட சொல்லுச்சு, 'நீ ஊருக்குப் போயிரு புள்ள. இங்க நிக்காத. தவமணி தேடுவான்ல. உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன்.' என்னமோ துரத்துது. ஆள் கூட இல்லாம எப்படி இருக்கும்னு கேட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா பாத்துக்குவாங்களாம். 'போடி, போடி'ன்னு கையை வீசுது. எனக்கும் கோவம் வந்துருச்சு, வந்துட்டேன். தவமணி அண்ணனும் போன்ல கத்துறாரு, பெட்டியை ரெடி பண்ணணும், பாட்டில் காலியாக் கிடக்குன்னு.

ஆமா. அந்தப் பெட்டி தான். உங்களுக்கு நாளைக்குக் காட்டப் போற பெட்டி. பாட்டில்ல என்ன ஊத்துறதுன்னு இன்னும் நான் யோசிக்கல.

என்ன சொன்னீங்க?

ஆமா, காப்பி எரியாது. அதான் நானும் சொன்னேனே.

ஏன் எரியுதுன்னு சொல்லணும்னா... நான் தான் சொன்னேன்ல, பயத்துல...

இருங்க.

அத்தைக்குப் பயம் கிடையாதுக்கா. அருவா இறங்குனப்பவே 'ஏ புள்ள, இங்க வா'ன்னு சொன்ன பொம்பளை அது.

இருபது வருசம். ஒரு நாளைக்கு நூறு காப்பி. கண்ணைக் கட்டி விட்டாலும் எது நேத்துக் காப்பி, எது இன்னிக்குக் காப்பின்னு வாசத்துலயே சொல்லும். சாரு மூடியைத் திருகுனப்ப எனக்கே புளிச்ச வாசம் வந்துச்சு. அதுக்கு வராம இருக்குமா? அதுவும் அது கையால போட்ட காப்பி.

என் மூஞ்சியைத் தான் பாத்துச்சு. வாயைத் தொறந்துட்டு நின்னேன்ல, அதைப் பாத்துட்டுத் தான் எரியுதுன்னு சொல்லுச்சு. நல்லா எரியுதுன்னு. அந்தச் சட்டி குறைஞ்ச அன்னிக்கே... பெட்டியைப் பாத்துச்சே.

அதுக்குத் தெரியும்.

தெரிஞ்சுக்கிட்டு அங்க படுத்துக்கிட்டு மஞ்சத்தண்ணிங்குது. நான் கூடவே இல்லைங்குது. ஊருக்குப் போயிருங்குது. கால் போகப் போகுதுக்கா, காலு! மலை ஏறுற காலு! யாரு கேட்டா இதை? என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா? பைத்தியம். பைத்தியக்காரப் பொம்பளை. நானாச் சொல்லியிருந்தா நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நேத்தே மருந்தை மாத்தியிருப்பாங்க. ஒரு முழு நாள் போச்சு.

நான் பொய் சொன்னேன்னு எல்லாம் சொல்லாதீங்க. நான் யார்கிட்டயும் பொய் சொல்லல. நான் எதையும் சொல்லவே இல்ல.

அது தான். சரி. அது தான்.

இல்ல, தண்ணி வேண்டாம். எனக்கு வாந்தி எல்லாம் வரல.

போன் பண்ணவா? யாருக்குப் பண்றது? வார்டுல இருக்கிறது அத்தை போன் ஒன்னு தான். பண்ணா அது தான் எடுக்கும். டாக்டர்கிட்ட குடுன்னா குடுக்குமா? 'சிக்னல் இல்ல'ன்னு கட் பண்ணிரும். அதுக்குப் பொய் சொல்ல வந்துருச்சே இப்ப. நேர்ல தான் போகணும்.

மணி என்னக்கா? ரெண்டே முக்காலா? டாக்டரம்மா ஆறு மணிக்கு ஒரு தடவை வருவாங்க. பதினாலாவது வளைவுல ரோடு அகலம், அங்க தான் கீழ போற பஸ்ஸுக்கு நம்ம டிரைவர் அண்ணன் நின்னு வழி விடுவாரு. அதுல ஏறுனா அஞ்சரைக்குள்ள போயிரலாம். இது பன்னெண்டாவது வளைவு. இன்னும் ரெண்டு.

தவமணி அண்ணன்கிட்ட சொல்லிருங்க, சுகப்பிரியா வரலன்னு. காரணம் கேட்டா எல்லாத்தையும் சொல்லுங்க, மறைக்க வேண்டாம். என்னை வேலையை விட்டு நிறுத்திருவாரு. நிறுத்தட்டும். நாளைக்குக் கேட்டுல அந்தப் பெட்டியைக் காட்டுனா, கார்டு சாரைப் பாட்டில் மூடியைத் தொறந்து மோந்து பாக்கச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. கேட்டைத் தொறக்க மாட்டாங்க, உங்களுக்கு மலை கிடையாது. லீவு போட்டு இவ்வளவு தூரம் வந்ததுக்குத் திட்டிக்கங்க என்னை. இல்லேன்னா உங்க பெட்டியைக் காட்டி ஏறுங்க, அதுல எல்லாம் நிஜமா இருக்கு. அந்தப் பாம்பு கிட்டை மட்டும் வெளிய எடுத்துருங்க.

உக்காந்தே பழகிக்கிறேன் ஒரு தடவை. நீங்க டாக்டர்னு வச்சுக்கங்க. சிரிக்காதீங்க, அவங்க சிரிக்க மாட்டாங்க.

'டாக்டர், மஞ்சத்தண்ணி இல்ல. காப்பி. நாலு மாசத்துக் கருப்பட்டிக் காப்பி, புளிச்சுப் போனது. மருந்து பாட்டில்ல ஊத்தி வச்சது நான். காயத்துல ஊத்தும்போது பக்கத்துல நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான். அத்தை மறுபடியும் மஞ்சத்தண்ணின்னு தான் சொல்லும். நம்பாதீங்க.'

போதுமா? இதுக்கு மேல எனக்கு வரல.

ஹாரன் கேக்குது, அது எதிர் பஸ்ஸு தான். கண்டக்டர் அண்ணே, ஒரு நிமிசம்! கொஞ்சம் காலை ஒதுக்குங்கக்கா, இறங்கணும்.